எஞ்சினின் சுவாசம்: முதன்முறையாகக் கேம்ஷாப்ட் மாற்றுவோர் அறிய வேண்டுவன

1948-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இலண்டன் மாநகரின் ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில், ஜாகுவார் நிறுவனத்தார் எக்ஸ்.கே. 120 என்னும் இரண்டு இருக்கை கொண்ட விரைவு வண்டியை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தனர். அதன் எஞ்சின் ஆறு சிலிண்டர்களும் 3,442 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. சிலிண்டர் தலையின் மேல் இரண்டு கேம்ஷாப்டுகள் அமைந்திருந்தன. நிமிஷத்திற்கு 5,000 சுற்றுகளில் அது 160 குதிரைத்திறன் தந்தது. இத்தகைய இரட்டைக் கேம்ஷாப்ட் அமைப்பு அதுவரை பெரும்பாலும் பந்தய வண்டிகளுக்கும் மிகுந்த விலையுள்ள வண்டிகளுக்குமே உரியதாக இருந்தது.

போர்க்காலத்தில், குண்டுவீச்சினால் தீப்பற்றாமல் காவல் இருந்த இரவுகளில், கவென்ட்ரித் தொழிற்சாலையில் இந்த எஞ்சினைப் பற்றிய ஆலோசனை நிகழ்ந்தது. வில்லியம் ஹெய்ன்ஸ், வால்ட்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோர் அதனை உருவாக்கினர். சிலிண்டர் தலையின் வாயு வழிகளை அமைப்பதில் ஹாரி வெஸ்லேக் துணைபுரிந்தார். பல அளவுகளில் இவ்வெஞ்சின் 1992-ஆம் ஆண்டு வரை உற்பத்தியாகி வந்தது.

தொடக்கத்தில் இதன் கேம்ஷாப்டுகள் வால்வுகளை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 7.9 மில்லிமீட்டர், உயர்த்தின. பின்னர் எட்டில் மூன்று பங்கு, அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர், உயர்த்தும் கேம்ஷாப்டுகள் தயாராயின. இவற்றுடன் வேறு சில மாற்றங்களும் சேர்ந்தபோது எஞ்சினின் ஆற்றல் 180 குதிரைத்திறனாயிற்று. 1951-இல் லெ மான் பந்தயத்தில் வென்ற சி-டைப் வண்டியிலும் உயர்ந்த கேம்ஷாப்டுகளே இருந்தன. 1954-இல் வெளிவந்த எக்ஸ்.கே. 140-இல் அவை வழக்கமான உறுப்பாகிவிட்டன. ஆகவே, பழைய எக்ஸ்.கே. 120 எஞ்சினுக்குக் கூடுதல் ஆற்றல் அளிக்க விரும்புவோர் முதலில் எண்ணிப் பார்க்கத்தக்க மாற்றம் இதுவே.

எக்ஸ்.கே. 120 வண்டிகள் மொத்தத்தில் ஏறத்தாழ 12,000 மட்டுமே செய்யப்பட்டன. அத்தகைய எஞ்சின் ஒன்றை முதன்முறையாகத் திறப்பவர், ஒரே ஒரு தவறான சுழற்சியால் பன்னிரண்டு வால்வுகளையும் வளைத்துவிட முடியும். இப்பணியில் கைவலிமையைக் காட்டிலும் அளவறியும் பொறுமையே தேவை என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

கேம்ஷாப்ட் செய்யும் பணி

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அழுத்தல், ஆற்றல், வெளியேற்றல் என்னும் நான்கு செயல்கள் முடிவதற்குள் கிராங்க்ஷாப்ட் இருமுறை சுற்றுகிறது. கேம்ஷாப்ட் ஒருமுறை சுற்றுகிறது. கேம்ஷாப்டின் மேல் வட்டத்தினின்று ஒரு பக்கம் புடைத்து நிற்கும் மேடே கேம் எனப்படும். மேடு வரும்போது வால்வு திறக்கிறது. மேடு கடந்ததும் வில் அதனை மூடுகிறது. எப்பொழுது திறப்பது, எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது ஆகிய மூன்றையும் அம்மேட்டின் வடிவமே தீர்மானிக்கிறது.

எக்ஸ்.கே. எஞ்சினில் உட்கொள் வால்வு, பிஸ்டன் மேல் எல்லையை அடைவதற்கு 15 பாகை முன்னரே திறக்கிறது. கீழ் எல்லையைக் கடந்து 57 பாகை சென்ற பின்னரே மூடுகிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள 180 பாகையையும் சேர்த்தால், வால்வு 252 பாகை அளவு திறந்திருக்கிறது. வெளியேற்று வால்வோ கீழ் எல்லைக்கு 57 பாகை முன் திறந்து, மேல் எல்லைக்கு 15 பாகை பின் மூடுகிறது. எனவே மேல் எல்லையை ஒட்டி 30 பாகை அளவுக்கு இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கின்றன.

பிஸ்டன் கீழே வந்து மேலேறத் தொடங்கிய பின்னும் உட்கொள் வால்வை ஏன் திறந்து வைக்கவேண்டும் என்று மாணவர் கேட்கக்கூடும். காற்றுக்கும் எடை உண்டு. ஓடத் தொடங்கிய காற்று உடனே நிற்பதில்லை. நிமிஷத்திற்கு 1,000 சுற்றுகளில் 252 பாகை கடக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் 42 பங்கு நேரம் ஆகிறது. 5,000 சுற்றுகளிலோ 8.4 பங்கு நேரமே கிடைக்கிறது. இவ்வளவு குறுகிய நேரத்தில் சிலிண்டர் நிறைய வேண்டுமாயின், ஓடிவரும் காற்றின் வேகத்தைக் கடைசி வரை பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

உயர்வின் கணக்கு

வால்வைச் சுற்றிலும் காற்றுப் புகும் இடைவெளி ஒரு வளையம் போன்றது. வால்வின் சுற்றளவை உயர்வால் பெருக்கினால் அதன் பரப்பு கிடைக்கும். எக்ஸ்.கே. எஞ்சினின் உட்கொள் வால்வு ஒன்றே முக்கால் அங்குல விட்டமுடையது. பழைய கேம் அதனை முழுவதும் உயர்த்தியபோது அப்பரப்பு சுமார் 1.72 சதுர அங்குலம்; புதிய கேமுடன் சுமார் 2.06 சதுர அங்குலம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது.

இவ்வுயர்வுக்கு எல்லை உண்டா? இதனை வகுப்பில் ஒரு நாணயத்தைக் கொண்டு விளக்கலாம். நாணயத்தின் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு அகலமுள்ள காகிதப் பட்டையை அதன் விளிம்பைச் சுற்றி ஒருமுறை ஒட்டுக. அப்பட்டையின் பரப்பும் நாணய முகத்தின் பரப்பும் சமமாக இருக்கக் காணலாம். வால்வும் அவ்வாறே. விட்டத்தில் நாலில் ஒரு பங்கு உயர்ந்தபின், வளைய இடைவெளியைக் காட்டிலும் உள்ளேயுள்ள துளையே காற்றுக்குத் தடையாகிறது. ஒன்றே முக்கால் அங்குல வால்வுக்கு அந்த எல்லை 0.4375 அங்குலம். பழைய உயர்வு 0.3125; புதியது 0.375. இரண்டும் எல்லைக்கு உட்பட்டவையாதலால் உயர்வைக் கூட்டியது பயன் தந்தது.

ஆயினும் பரப்பு 20 விழுக்காடு கூடியபோது ஆற்றல் 160-இலிருந்து 180 ஆக, 12.5 விழுக்காடே கூடிற்று; அதற்கும் வேறு மாற்றங்கள் துணை நின்றன. காற்று வடிகட்டி, கார்புரேட்டர், வாயு வழி, புகைக்குழாய் ஆகிய அனைத்தும் ஒரே பாதையின் பகுதிகள். ஒரு வாயிலை மட்டும் அகலமாக்கினால் அடுத்த வாயிலில் நெருக்கடி ஏற்படும். புதிய கேம்ஷாப்டை வாங்குமுன் மற்றப் பகுதிகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெறுவதும் இழப்பதும்

உயர்வைக் கூட்டாது, திறந்திருக்கும் காலத்தை நீட்டும் கேம்ஷாப்டுகளும் உண்டு. பந்தயத்திற்குரிய கேம்ஷாப்டுகளும் பெரும்பாலும் திறந்திருக்கும் காலத்தை நீட்டுபவை. இவை அதிவேகத்தில் மிகுந்த ஆற்றலைத் தரும். ஆனால் குறைந்த வேகத்தில், மேலேறும் பிஸ்டன் உட்கொண்ட காற்றில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் நீளுவதால் புகையும் புதுக்கலவையும் கலந்துவிடும். விளைவாக எஞ்சின் நின்றவாறு ஓடும்போது தடுமாறும். நகர வீதியில் வண்டி சோம்பும். எரிபொருளும் அதிகம் செலவாகும்.

இவ்விரண்டையும் ஒருசேரப் பெறும் வழியை எஞ்சின் நிபுணர்கள் பின்னர் கண்டனர். 1989-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்தார், ஒரே கேம்ஷாப்டில் குறைந்த வேகத்திற்கு ஒரு மேடும் அதிவேகத்திற்கு மற்றொரு மேடும் வைத்து, எண்ணெயின் அழுத்தத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விடெக் அமைப்பை வெளியிட்டனர். பழைய எஞ்சின்களில் அவ்வசதி இல்லை. எந்த வேகத்தில் வண்டியை மிகுதியாக ஓட்டப் போகிறோம் என்பதை உரிமையாளரே முன்கூட்டித் தீர்மானித்தாக வேண்டும். முதன்முறையாக இப்பணியில் இறங்குவோர், திறப்புக் காலத்தை மாற்றாது உயர்வை மட்டும் மிதமாகக் கூட்டும் கேம்ஷாப்டைத் தெரிந்தெடுத்தல் நன்று.

கழற்றுவதற்கு முன்

முதலில் எஞ்சினின் தற்போதைய நிலையை எழுதி வைக்கவேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து குறித்துக்கொள்க. பன்னிரண்டு வால்வுகளின் இடைவெளிகளையும் பீலர் கேஜ் கொண்டு அளந்து அட்டவணையாக எழுதுக. முன்னரே பழுதுற்ற எஞ்சினுக்குப் புதிய கேம்ஷாப்ட் மருந்தாகாது. மேலும், பணி முடிந்தபின் முன்னேற்றம் உண்டா என்று அறிய இக்குறிப்பே சான்றாகும்.

இவ்வெஞ்சினில் சிலிண்டர்களைப் பின்புறத்திலிருந்து எண்ணுவது மரபு. முன்னால் இருப்பது ஆறாம் சிலிண்டர். இதனை அறியாதார் தொடக்கத்திலேயே தவறுவர். மின்பொறிப் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆறாம் சிலிண்டர் எரியும் நிலையில் மேல் எல்லைக்கு வரும்படி கிராங்க்ஷாப்டைக் கையால் சுழற்ற வேண்டும். டிஸ்டிரிபியூட்டரின் சுழற்கை ஆறாம் சிலிண்டரின் முனையை நோக்கி நிற்கும். ஒவ்வொரு கேம்ஷாப்டின் முன்புறத்திலும் ஒரு வெட்டுக்குறி உண்டு. அது கேம்ஷாப்ட் மூடி பொருந்தும் முகத்திற்குச் செங்குத்தாக வந்து நிற்கும். இந்நிலையே எல்லா வேலைக்கும் ஆதாரம்.

பிறகு, பற்சக்கரங்களைக் கேம்ஷாப்டுடன் பிணைக்கும் திருகாணிகளை எடுத்து, சங்கிலி நழுவாதவாறு பற்சக்கரங்களை அவற்றின் தாங்கியிலேயே நிறுத்திவிட வேண்டும். நான்கு தாங்கி மூடிகளையும் சிறிது சிறிதாக, சமமாகத் தளர்த்துக. ஒரு முனையை மட்டும் முற்றும் தளர்த்தினால் வால்வு வில்களின் விசை கேம்ஷாப்டை வளைத்துவிடலாம், முறித்தும் விடலாம். மூடிகளிலுள்ள எண்களைப் பார்த்து, எடுத்த இடத்திலேயே திரும்பப் பொருத்துமாறு வரிசையாக வைக்கவேண்டும்.

மறக்கலாகாத எச்சரிக்கை

இவ்வெஞ்சினின் எரியறை அரைக்கோள வடிவினது. உட்கொள் வால்வும் வெளியேற்று வால்வும் தமக்குள் 70 பாகைக் கோணத்தில் சாய்ந்து, ஒன்றை நோக்கி ஒன்று இறங்குகின்றன. சங்கிலி பூட்டியிருக்கும் வரை அவை முறைப்படி வந்து போகும். சங்கிலியிலிருந்து விடுபட்ட கேம்ஷாப்டைச் சுழற்றினால் இரு வால்வுகளும் ஒரே நேரத்தில் இறங்கி மோதிக்கொள்ளும். ஆகவே பற்சக்கரங்கள் கழன்றிருக்கும்போது கிராங்க்ஷாப்டையோ கேம்ஷாப்டையோ சுழற்றுதல் கூடாது. ஒரு கேம்ஷாப்டைச் சுழற்றியே தீரவேண்டுமாயின், மற்றதை அறவே எடுத்துவிட வேண்டும். அல்லது அதன் தாங்கி மூடிகளை முழுவதும் தளர்த்தி வால்வுகள் மூடிக்கொள்ளச் செய்ய வேண்டும். இவ்வெச்சரிக்கையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வண்டியின் மேல் ஒட்டி வைப்பது பயிற்சிக்கூடங்களுக்கு ஏற்ற வழக்கம்.

எழுத்திட்ட வில்லைகள்

கேமுக்கும் வால்வுக்கும் இடையே கிண்ணம் போன்ற டாப்பெட்டும், அதனுள்ளே வால்வுத் தண்டின் தலைமேல் ஒரு சிறு எஃகு வில்லையும் உள்ளன. இடைவெளியைச் சரிசெய்வது அவ்வில்லையின் கனமே. வில்லைகள் ‘ஏ’ முதல் ‘இஸட்’ வரை ஆங்கில எழுத்துக்கள் பொறிக்கப்பெற்றவை. ‘ஏ’ என்பது 0.085 அங்குலக் கனமுடையது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஆயிரத்தில் ஓர் அங்குலம் கூடி, ‘இஸட்’ 0.110 அங்குலமாகிறது.

உயர்ந்த கேம்ஷாப்டுடன் சாதாரண ஓட்டத்திற்கு, குளிர்ந்த நிலையில், உட்கொள் வால்வுக்கு 0.004 அங்குலமும் வெளியேற்று வால்வுக்கு 0.006 அங்குலமும் இடைவெளி வேண்டும். புதிய கேம்ஷாப்டைப் பொருத்தி அளந்தபோது ஓர் உட்கொள் வால்வில் 0.009 இருந்ததாகக் கொள்வோம். ஆயிரத்தில் ஐந்து அங்குலம் அதிகம். அங்கே ‘டி’ வில்லை இருந்தால், ஐந்து எழுத்து மேலே சென்று ‘ஐ’ வில்லையை வைக்கவேண்டும். கழித்தலும் கூட்டலும் அறிந்த எவரும் இக்கணக்கைச் செய்யலாம்.

ஆனால் வில்லையை மாற்றக் கேம்ஷாப்டை மீண்டும் கழற்றியாக வேண்டும். பொருத்துதல், அளத்தல், கழற்றுதல், வில்லை மாற்றுதல், மீண்டும் பொருத்தி அளத்தல் என்று இப்பணி திரும்பத் திரும்ப வரும். முதன்முறை செய்வோர் சலிப்படைந்து, ‘இது போதும்’ என்று விட்டுவிடுவது இங்கேதான். இடைவெளி மிகுந்தால் ஓசையும் தேய்மானமும் ஏற்படும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு இருக்கையில் முழுதும் படியாது. வெளியேற்று வால்வு தன் வெப்பத்தை இருக்கை வழியே இழக்க இயலாமல் தீய்ந்துபோகும். பின்னதே பெருங்கேடு. ஏனெனில் அது ஓசையின்றி நிகழ்வது.

உயர்ந்த கேமுக்குரிய சோதனைகள்

வால்வு முன்னிலும் கூடுதலாக இறங்குவதால் நான்கு இடங்களைச் சோதித்தல் அவசியம். முழு உயர்வில் வில்லின் சுருள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிடலாகாது. வில்லைத் தாங்கும் தட்டு, வால்வு வழிகாட்டியின் மேல் இடிக்கலாகாது. கேமின் நுனி டாப்பெட் வழிகாட்டியின் விளிம்பில் உரசலாகாது. இறுதியாக, வால்வு பிஸ்டனின் தலையிலோ எதிர் வால்விலோ முட்டலாகாது.

சிலிண்டர் தலை கழற்றப்பட்டிருந்தால் கடைசிச் சோதனைக்குக் களிமண் போதும். பிஸ்டனின் தலையில் மென்மையான களிமண்ணை அப்பி, தலையைப் பொருத்தி, சங்கிலியைப் பூட்டி, இரு முழுச் சுற்றுகள் கையால் சுழற்றுக. பின்னர் திறந்து, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை வெட்டி அதன் கனத்தை அளக்கவேண்டும். உட்கொள் வால்வுக்குச் சுமார் 2 மில்லிமீட்டரும், வெப்பத்தால் மிகுதியாக நீளும் வெளியேற்று வால்வுக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டரும் இருக்கவேண்டும் என்பது பட்டறைகளில் பொதுவாக வழங்கும் அளவு.

காலத்தை ஒழுங்கு செய்தல்

வெட்டுக்குறிகளைச் செங்குத்தாக நிறுத்த ஒரு தனி அளவுகருவி உண்டு. அதனை வைத்துக் கேம்ஷாப்டை நிலைநிறுத்திய பிறகு பற்சக்கரத்தைப் பூட்டவேண்டும். பற்சக்கரத்தின் துளைகள் கேம்ஷாப்டின் துளைகளோடு உடனே பொருந்துவது அரிது. இதனை அறிந்தே, பற்சக்கரத்தின் உள்ளே நுண்ணிய பற்களுடைய ஒரு தட்டை வடிவமைத்துள்ளனர். தட்டை வெளியே இழுத்துத் திருப்பி, துளைகள் சரியாக நேர்படும் இடத்தில் செருகவேண்டும். நேர்படாவிடில் தட்டைப் பாதிச் சுற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டும். துளைகள் பொருந்தும் பொருட்டுக் கேம்ஷாப்டைச் சிறிது திருப்பிவிடுவோம் என்று எண்ணுதல் தவறு. அச்சிறிது திருப்பமே கால ஒழுங்கைக் கெடுப்பது.

சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்து, திருகாணிகளைக் கம்பியால் பூட்டியபின், மின்பொறிப் பிளக்குகள் இல்லாமலேயே கிராங்க்ஷாப்டை ஓடும் திசையில் இரு முழுச் சுற்றுகள் மெல்லக் கையால் சுழற்றுக. எங்கேனும் தடை தட்டுப்பட்டால் நிறுத்திக் காரணம் காண்க, விசையைக் கூட்டாதீர். கை உணரும் தடையை ஸ்டார்ட்டர் மோட்டார் உணராது. சுற்று முடிந்ததும் வெட்டுக்குறிகளும் இடைவெளிகளும் மாறாதிருக்கின்றனவா என்று மறுமுறை பார்த்தல் வேண்டும்.

முதல் ஓட்டம்

புதிய கேம்களின் மீதும் டாப்பெட்டுகளின் மீதும் அதற்கென உள்ள பசையைப் பூசியிருத்தல் வேண்டும். முதன்முறை எஞ்சின் உயிர்பெற்றதும் நின்றவாறு மெதுவாக ஓடவிடாது, நிமிஷத்திற்குச் சுமார் 2,000 சுற்றுகளில் இருபது நிமிஷம் ஓட்டுவது வழக்கம். அவ்வேகத்தில்தான் கேம்களுக்குப் போதிய எண்ணெய் சேர்கிறது. புகைவாயுவைத் தூய்மைசெய்யும் கருவிகளைக் காக்கும் பொருட்டு இக்கால எண்ணெய்களில் துத்தநாகமும் பாஸ்வரமும் சேர்ந்த தேய்மானத் தடுப்புப் பொருள் குறைக்கப்பட்டுள்ளது. பழைய எஞ்சின்களுக்கு அப்பொருள் போதிய அளவு உள்ள எண்ணெயைத் தேடிப் பெறவேண்டும். கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கார்புரேட்டரின் ஊசியையும் மின்பொறி நேரத்தையும் திருத்திய பின்னரே எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டலாம்.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

எக்ஸ்.கே. எஞ்சின் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம் மாணவர் பலருக்குக் கிட்டாது. எனினும் கேம்ஷாப்ட் இல்லாத மோட்டார் சைக்கிளோ நீரிறைக்கும் டீசல் எஞ்சினோ அரிது. தடித்த அட்டையில் ஒரு கேமை வெட்டி நடுவே ஆணி குத்திச் சுழற்றி, பத்துப் பாகைக்கு ஒருமுறை அதன் உயர்வை அளந்து வரைபடத் தாளில் குறித்தால், வால்வின் முழு வரலாறும் ஒரு வளைகோட்டில் தெரியும். வயல் ஓரத்து எஞ்சினில் வால்வு இடைவெளியைப் பீலர் கேஜால் அளக்கச் செய்து எழுதி வைக்கப் பழக்கினால், பந்தய எஞ்சினுக்குரிய அதே ஒழுக்கத்தை அங்கேயே கற்பித்தவர்களாவோம்.

ஓர் எஞ்சினின் ஆற்றலை உயர்த்த விரும்புவோர் புதிய உறுப்பின் மேல் நம்பிக்கை வைப்பது இயல்பு. உறுப்பு நல்லதாயினும், அது தன் பயனைத் தருவது ஆயிரத்தில் ஓர் அங்குலத்தையும் ஒரு பாகையையும் மதிப்பவர் கையில்தான். முதற்பணியை மேற்கொள்பவர் ஓர் அளவுகருவியும் ஒரு குறிப்பேடும் கையில் கொண்டு, எஞ்சினைத் தம் கையால் இருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குவாராயின், அவர் அஞ்ச வேண்டுவது யாதுமில்லை.